பகுதிநேர சீ.டி.ஓ. எடுக்கப் போகிறீர்களா? சாவி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

மலையகத்தில் சிறிய தொழில்நுட்பக் கம்பனி நடத்துகிறவர்கள், தொடங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் கொழும்பில் இருந்து ஒருவரைப் பகுதிநேரத் தொழில்நுட்பத் தலைவராக (சீ.டி.ஓ.) எடுக்க நினைப்பவர்கள் இதைக் கடைசி வரை வாசியுங்கள். எங்களுக்கு நடந்தது பண நட்டம் மட்டும் இல்லை. கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறி விவசாயிகளின் கணக்கு முழுவதையும் ஒருவர் தன் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் விலை பேசினார்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் போடுகிறவர்களிடம் நேரடியாக வாங்கி, கண்டியிலும் கொழும்பிலும் உள்ள ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறோம். இங்கிருந்து மரக்கறி பெரும்பாலும் கெப்பட்டிப்பொல, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையங்களுக்கு அல்லது பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும். போகிற வழியில் கழிவு என்று சொல்லி எடையில் ஒரு பங்கை வெட்டுவார்கள். அன்றைக்கு என்ன விலை போனது என்பதே பல நேரம் லொறி திரும்பி வந்த பிறகுதான் விவசாயிக்குத் தெரியும். எடை போட்ட இடத்திலேயே எடை, கழிவு, விலை மூன்றும் விவசாயியின் போனுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் செயலி செய்தோம், வேறு எதற்கும் இல்லை.

அதற்கு அனுபவமுள்ள ஒரு தலை வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போன பிறகு மூத்த பொறியியலாளர்கள் நிறையப் பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இருப்பவர்களில் பலர் வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு டொலர் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். நுவரெலியாவில் இருக்கிற ஒரு சின்னக் கம்பனியால் அந்தச் சம்பளத்தில் முழுநேரமாக ஒருவரை வைத்திருக்க முடியாது. ஆகவே வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து வழிகாட்டும் ஒருவரை எடுப்பது நல்ல முறைதான். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அப்படி வருபவரின் வேலை கோட், அதாவது கணினி நிரல், எழுதுவது அல்ல. எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டத் தேவையில்லை என்று முடிவெடுப்பது, கோட் எழுத ஆட்களைத் தேர்வது, அவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது, செலவைக் கட்டுப்படுத்துவது, தரவைப் பாதுகாப்பது, இவ்வளவும் அவர் பொறுப்பு.

எங்களிடம் வந்தவர் நன்றாகப் பேசினார். பெரிய நிறுவனங்களில் இருந்தவர் என்று அறிமுகம். என் அண்ணன் அவரை "சேர்" என்றுதான் கூப்பிட்டார். அவர் என்னைத் "தங்கச்சி" என்பார். "தங்கச்சி, டெக்னிக்கல் விசயமெல்லாம் என்கிட்ட விடுங்க, நீங்க வியாபாரத்தப் பாருங்க" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். இந்த ஒரு வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

பிடி எங்கே விழுந்தது என்று சொல்கிறேன். செயலியும் அதன் தரவும் இருக்கிற சேவர் கணினியை அமேசானிடம் வாடகைக்கு எடுத்தோம், அந்த வாடகையை டொலரில் கட்ட வேண்டும். இங்கே வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் சில நேரம் போகும், சில நேரம் திருப்பி அனுப்பப்படும். எங்கள் கம்பனி அட்டைக்கு வங்கியில் அனுமதி கேட்டு அது வந்துகொண்டிருந்த நேரம், "அதுவரைக்கும் என் கார்டுல போடுறேன், மாசக் கடைசியில தாங்க" என்றார். உதவியாகத்தான் தெரிந்தது. ஆனால் அட்டையோடு சேர்த்து அமேசான் கணக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது. அங்கே மூலக் கணக்கின் மின்னஞ்சல் யாருடையதோ அவர்தான் சொந்தக்காரர். மற்றவர்களுக்கு எத்தனை கடவுச்சொல் கொடுத்திருந்தாலும் அவர் நினைத்த நிமிடம் பறிக்கலாம். இணைய முகவரியும் அப்படியே அவர் பெயரில் பதிவானது. கூகுள் பிளேயில் செயலி ஏறியதும் அவருடைய கணக்கில்தான். எங்கள் வங்கி அனுமதி வந்த பிறகு எல்லாவற்றையும் கம்பனி பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டோம். "அடுத்த ரிலீஸ் முடியட்டும்" என்றார், அதாவது செயலியின் அடுத்த பதிப்பு வெளிவரட்டும் என்று. அந்த ரிலீஸ் முடிந்ததும் அதற்கடுத்த ரிலீஸ் என்றார்.

கோட் எழுதுவதற்கு ஒரு நிறுவனத்தை அவரே கூட்டி வந்தார். மூன்று இடத்தில் விலை கேட்டதாகச் சொல்லி ஒப்பிட்டு ஒரு தாளும் காட்டினார். அந்த நிறுவனத்துப் பொடியன்களோடு நாங்கள் நேரடியாகப் பேச அவர் விட்டதே இல்லை, எல்லாம் அவர் வழியாகத்தான். பிறகு கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்த நிறுவனத்தின் ஆவணப் பிரதியை எடுத்துப் பார்த்தபோது, பணிப்பாளர் இடத்தில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. எங்கள் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க நாங்கள் சம்பளம் கொடுத்து வைத்தவர் அதைத் தன் வீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

இந்தப் பிரதியை யாரும் எடுக்கலாம், பெரிய செலவும் இல்லை. ஒருவர் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தால் ஒப்பந்தம் போடும் முன்பே எடுத்துப் பாருங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், கம்பனி செய்யும் கொடுக்கல் வாங்கலில் தனக்கு நலன் இருந்தால் பணிப்பாளர் அதை வெளியே சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு பகுதிநேரமாக வருபவர் பணிப்பாளர் அல்ல. ஆகவே அந்தக் கடமையை அவருடைய ஒப்பந்தத்திலேயே ஒரு வசனமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவரோடு போடுவதற்கு எழுதிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. அந்த ஒப்பந்தத்திலும் அவர் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை.

சரி, செய்த வேலையாவது ஒழுங்கா? கந்தப்பளையில் சேகரிப்பு இடங்கள் பல பள்ளத்தில் இருக்கின்றன. பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது, சிக்னல் எங்கே? சிக்னல் இல்லாதபோது எடையைப் போனிலேயே சேமித்து, கிடைத்ததும் அனுப்ப வேண்டும் என்பதுதான் நாங்கள் வைத்த முதல் நிபந்தனை. வந்த செயலி சிக்னல் போனதும் சுற்றிக்கொண்டே நின்றது. சில எடை தொலைந்தது, சில எடை இரண்டு தரம் பதிவானது. தமிழில் பெயர் அடித்தால் தேடலில் வராது, சிங்களத்திலும் அதே கதை. "இங்கிலீஸ்ல அடிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. வெலிமடையில் இருந்து வரும் சிங்கள விவசாயிக்கும் இராகலைத் தோட்டத்துத் தமிழ் விவசாயிக்கும் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்தில் பார்க்க உரிமை இல்லையா?

சேவர் செலவையும் சொல்ல வேண்டும். சில நூறு பேர் பயன்படுத்தும் செயலிக்கு, இலட்சக்கணக்கானோர் வருவது போலத் துண்டு துண்டாகப் பல சேவர்கள். அதைப் பிறகு திறந்து பார்த்த கண்டிப் பொறியியலாளர் தம்பி ஒருவர், நடுத்தரமான ஒரே ஒரு சேவர் போதும் என்றார். மாதாமாதம் அமேசானின் அசல் பில்லைக் கேட்டபோதெல்லாம் அவர் தானே தட்டச்சு செய்த தாளைத்தான் அனுப்பினார்.

அவரை நிறுத்துகிறோம், கணக்குகளை ஒப்படையுங்கள் என்று அறிவித்ததும் பேச்சு மாறியது. கோட் அதை எழுதிய நிறுவனத்துக்கே சொந்தம், வேண்டுமென்றால் கைமாற்றுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு தொகை கேட்டார். ஐந்து வீதப் பங்கும் கேட்டார். பங்கு கொடுப்பதென்றால் பொதுவாக நாலு வருடத்தில் படிப்படியாகச் சேரும், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் கிடையாது என்று எழுதுவார்கள். அவர் கேட்டது முழுவதும் உடனே. மறுத்தோம். ஒரு காலையில் செயலி திறக்கவில்லை.

அன்றைக்கு எடை போடும் இடத்தில் ஒரு பெரியவர், "பிள்ள, போன கிழமை எத்தன கிலோ போட்டேன்னு அதில இருந்திச்சே, இப்ப எங்க?" என்று போனை என்னிடம் நீட்டினார். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் எங்களை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தரவும் அவருடைய கணக்குக்குள்தான் இருந்தது. அண்ணன் ஆரம்பத்தில் இருந்தே காபன் தாள் வைத்த பில் புத்தகத்தையும் விடாமல் எழுதி வந்ததால் எல்லோருக்கும் பணம் கொடுக்க முடிந்தது. பில் துண்டுக்கும் எங்கள் ஞாபகத்துக்கும் ஒத்துவராத இடத்தில் விவசாயி சொன்ன எடையையே எடுத்தோம்.

சட்டத்தரணியிடம் போனோம். கணினி நிரலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாக்கப்படும் படைப்பு. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை முதலாளிக்கு. வெளி நிறுவனம் எழுதினால் உரிமை உங்களுக்கு மாறுகிறது என்று எழுத்தில் கையெழுத்தாகி இருக்க வேண்டும். காசு கட்டிய ரசீது மட்டும் போதாது. கோரிக்கைக் கடிதம் போயிருக்கிறது, விசயம் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

செயலியைப் புதிதாகவே கட்டினோம். ஒரு பிளே கணக்கில் இருந்து இன்னொன்றுக்குச் செயலியை மாற்ற, பழைய கணக்குக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் செய்யவில்லை. விவசாயிகள் எல்லோரும் செயலியைப் புதிதாகத் தரவிறக்க வேண்டியிருந்தது. கூகுள் பிளே கணக்குக்கு ஒரே தடவை 25 டொலர்தான். நிறுவனத்தின் பெயரில் திறக்க டி-யு-என்-எஸ் என்ற நிறுவன அடையாள எண் வேண்டும், அது வரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவசரம் என்று தனிநபர் கணக்கில் போகாதீர்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் செயலியை எல்லோருக்கும் வெளியிட விடுவார்கள்.

இப்போதும் எங்களிடம் பகுதிநேரமாக ஒருவர்தான் இருக்கிறார், பண்டாரவளைக்காரர். வந்ததும் அவர் முதலில் கேட்டது, கம்பனி பெயரில் ஒரு பொது மின்னஞ்சல். அமேசான், கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், பிளே, இணைய முகவரி எல்லாவற்றையும் அதில் திறக்கச் சொன்னார். மூலக் கடவுச்சொல்லைத் தனக்கே காட்ட வேண்டாம் என்றார். தரவுத்தளத்தின் பிரதி தினமும் இரவு எங்கள் இடத்துக்கு வருகிறது. அதைத் திறந்து கணக்கு சரியாக வருகிறதா என்று மாதத்தில் ஒரு நாள் அண்ணனை உட்கார வைத்துப் பார்க்கிறோம். கோட் எழுதுகிறவர்களும் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார்கள்.

யாராவது இப்போது இப்படி ஒருவரோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் சட்டத்தரணி திருத்தித் தந்த ஒப்பந்த மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, காசில்லாமல் அனுப்புகிறேன். ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்கே உங்கள் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால், சண்டை வரும் முன், உறவு நன்றாக இருக்கும்போதே கம்பனி பெயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.