மதுரையிலிருந்து வர வேண்டும்: பாளையங்கோட்டையில் 7 ஆண்டுகள்

சென்னையிலிருந்து தோழி போனில் கேட்டாள்: "இனி எனக்கு வேலை வீட்டிலிருந்துதான். நானும் உன் ஊருக்கே வந்துவிடலாமா? உண்மையைச் சொல்." அவள் கேட்ட நேரம் சரியில்லை. என் வாஷிங் மெஷின் படுத்து அன்றோடு 17 நாள். "வராதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று அவளும் சொன்னாள், எனக்கும் தெரியும். ஆகவே இது.

வாடகை குறைவு, பள்ளிக்கூடங்கள் நல்லவை, பாளையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ போக ஒரு பாட்டுக் கேட்கும் நேரம் போதும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அல்வாவைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு வாக்கியத்தைப் பற்றி. "மதுரையிலிருந்து வர வேண்டும்." இங்கே குடிவந்த முதல் மாதத்திலேயே கேட்டுவிட்டேன், கண்ணாடிக் கடையில். என் பவருக்கான கண்ணாடி மதுரையிலிருந்து வர வேண்டுமாம். அப்புறம் மிக்சி ஜாடி, குளியலறைக் குழாயின் உள்பாகம், மகளின் பல்லுக்குக் கிளிப்பு. மாமியாரின் முழங்காலைப் பார்த்த டாக்டர்கூட மதுரைக்காரர்தான். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வருவார், மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். அத்தையின் வலிக்கு இந்தத் தேதிக் கணக்கு புரிவதேயில்லை, முதல் சனிக்கிழமை இரவுதான் வரும்.

மெஷின் கதைக்கு வருகிறேன். போர்டு போய்விட்டது. சர்வீஸ் ஆள் நல்ல பையன், "அக்கா, அக்கா" என்று பொறுமையாக விளக்கினான். ஆனால் நம் பக்கத்துக்கு அவன் முறை செவ்வாய்க்கிழமை மட்டும். முதல் செவ்வாய் திறந்து பார்த்தான். இரண்டாவது செவ்வாய், போர்டு மதுரைக்கு வந்துவிட்டது, இங்கே வரவில்லை. மூன்றாவது செவ்வாய் வந்தது வேறு மாடலின் போர்டு. "திருப்பி அனுப்பி வேறு வாங்க வேண்டும் அக்கா." எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. மதுரை எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, மீனாட்சியின் மேல் பக்தியும் உண்டு. ஆனாலும் அன்றைக்கு அந்த ஊரின் மேல் எனக்கிருந்த பகையை எழுதினால் அச்சேறாது. நடுவில் 160 கிலோமீட்டர் நால்வழிச் சாலை. நானே பஸ் ஏறி மதியத்துக்குள் வாங்கி வந்திருப்பேன். அதற்கு விதியில் இடமில்லையாம்.

நியாயமாகவும் பேச வேண்டும். என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். இந்தப் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள். "மதினி, எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். நீங்கள்தானே எங்களுக்கு மதுரை?" வாயடைத்துப்போனேன். 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இங்கே ஹைகிரவுண்டில் இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரி வாசலில் எந்நேரமும் நிற்கும் கூட்டத்தில் பாதி தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து முகங்கள். நான் ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு அவர்கள் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வருகிறார்கள்.

2023 டிசம்பரில் மதுரையிலிருந்து எதுவுமே வரவில்லை. 17-ஆம் தேதி தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆறு மூடிவிட்டது. அந்தக் கோயிலுக்கு அது வழக்கம்தான். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் நீர் வரவில்லை, மின்சாரமும் பாலும் நின்றுபோயின. எதிர்வீட்டு ஆச்சி பெரிய பானையில் கஞ்சி வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். யாரிடமிருந்தோ மெழுகுவர்த்தி வந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது. வேளச்சேரியில் 2015 வெள்ளத்தையும் பார்த்தவள் நான். அங்கே பக்கத்து ஃபிளாட்காரரின் பெயரே எனக்கு அந்த வெள்ளத்தில்தான் தெரிந்தது.

அதே ஆச்சிதான் இந்த 17 நாளும் என்னைக் காப்பாற்றியவர். இரண்டாவது நாளே வாசலில் வந்து நின்றார். "ஏளா, எங்கள் வீட்டு மெஷின் சும்மாதானே கிடக்கிறது, கொண்டுவந்து போடு." போட்டேன். மூன்றாம் நாள் கறிகாய்க்காரம்மா என்னிடம், வீட்டுக்காரர் சட்டைகளில் காலர் எல்லாம் நைந்துவிட்டதாமே, புதிதாக எடுக்கக் கூடாதா என்று கேட்டார். இலவசச் சேவைக்கு இங்கே இப்படித்தான் கட்டணம். சென்னையில் சலவைக் கடைக்கு 17 நாள் பணம் கொடுத்திருப்பேன், காலரைப் பற்றி யாரும் மூச்சுவிட்டிருக்க மாட்டார்கள். எது மலிவு என்று கணக்குப் போட்டு எனக்கு விடை வரவில்லை.

உலர்த்துவதில் மட்டும் குறையே கிடையாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்கு மழை எட்டாது, காற்று மட்டும் வரும். மொட்டைமாடியில் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும், கிளிப்பு போடாவிட்டால் மூன்றாவது வீட்டில் போய் எடுக்கலாம். அந்த மாதங்களில் சாயங்காலம் குறுக்குத்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதுரை நினைவுக்கே வராது. தோழி ஆடியில் போன் செய்திருந்தால் அன்றைக்கே வீடு பார்த்து முன்பணமும் கொடுத்திருப்பேன்.

கேட்டது ஐப்பசியில். ஆகவே என் ஊருக்கு நான் போடும் மதிப்பெண் 5-க்கு 2. வராதே.

நேற்று, செவ்வாய், சரியான போர்டு வந்து பையன் மாட்டிவிட்டுப் போனான். இரவு முதல் தடவை துணி போட்டேன், நன்றாகவே துவைத்தது. இப்போது கதவு திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே அத்தையின் புடவைகள் இருக்கின்றன. போனில் கேட்டேன். "அது லாக் போயிருக்கும் அக்கா, செவ்வாய்க்கிழமை வருகிறேன்" என்றான். சாமானைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.