கிருஷ்ணகிரி பாய்லர் சர்வீஸ்: யூரியாவுக்குச் செலவு செய்யும் முன் காற்றைச் சரிபாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பாய்லர் என் பொறுப்பு. பெங்களூரா சீசன் வந்துவிட்டால் இரவு பகல் நெருப்பு அணையாது, எரிப்பது விறகும் கடலைத்தோல் பிரிக்கெட்டும் (தோலை அழுத்திச் செய்த எரிகட்டி). சிம்னியில் காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் என்று போன வருடம் வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டோம், யூரியா கரைசல் தெளிக்கும் நாசில் மாட்டினார்கள். கேட்டலிஸ்ட் (வினையூக்கி) இல்லாத முறைதான், முறையில் தப்பில்லை. ஆனால் தெளிக்கும் இடத்தில் சுமார் 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், எங்களுக்கு நீராவித் தேவை குறையும்போதெல்லாம் சூடு அதற்குக் கீழே இறங்கிவிடும், அப்போது யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா, ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றும் வேலையைச் செய்யாமல் அப்படியே சிம்னி வழியாக வெளியேறும். உணவு தயாரிக்கிற இடத்தில் அந்த நெடி! இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டோம்.

இந்த சீசனுக்கு வந்த கிருஷ்ணகிரிக்காரர்கள் மூன்றே பேர். முதல் நாள் முழுக்க அளந்தார்கள், எதையும் விற்கவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜன் பெரிய அளவில் ஆக்சைடாக மாற 1,300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், உங்கள் அடுப்பில் அது இல்லை, எரிபொருளுக்குள் இருக்கும் நைட்ரஜன்தான் காரணம், கடலைத்தோலில் அது விறகைவிட அதிகம் என்று பொறுமையாக விளக்கினார்கள். அப்புறம் கிரேட்டுக்கு (எரிபொருள் கிடக்கும் இரும்புச் சல்லடைத் தட்டு) அடியில் போகும் காற்றைக் குறைத்து, மீதியை மேலே இரண்டாம் காற்றாக விட்டார்கள். அடியில் ஆக்சிஜன் பற்றாக்குறை இருந்தால் அந்த நைட்ரஜனில் கணிசமான பங்கு சாதாரண நைட்ரஜன் வாயுவாகவே போய்விடுகிறது, பாதி எரிந்த வாயு மேலே முழுதாக எரிகிறது. சாம்பல் கதவு இடுக்கில் உள்ளே வந்த காற்றையும் கயிறு வைத்து அடைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கணக்கு சொன்ன விதம். காற்று கூடுதலாகக் கலந்தாலே பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) குறைந்ததாகக் காட்டும், அது குறைப்பே இல்லை. இவர்கள் முன்னும் பின்னும் ஒரே ஆக்சிஜன் அளவுக்கு மாற்றித்தான் காட்டினார்கள், கார்பன் மோனாக்சைடு ஏறுகிறதா என்றும் கூடவே பார்த்தார்கள். அளவு நன்றாகவே இறங்கியது, விறகுச் செலவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கூலி, யூரியா செட்டுக்குக் கொடுத்ததில் கால்வாசி கூட இல்லை.

குறையும் உண்டு. பகல் ஷிஃப்டுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், இரவு ஆபரேட்டர் பழக்கத்தில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை முழுசாகத் திறந்துவிட்டார், திரும்பக் கூப்பிட்டால் நான்கு நாள் கழித்துத்தான் வந்தார்கள், அதுவும் சீசன் உச்சத்தில். பணம் கேட்கவில்லை என்பது உண்மை. நீங்கள் கூப்பிட்டால் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் இருக்கும்போது வரச் சொல்லுங்கள், டேம்பர் கைப்பிடி நிற்க வேண்டிய இடத்தில் பெயின்ட் கோடு போட்டு வாங்குங்கள், விறகுக்கு ஒன்று, பிரிக்கெட்டுக்கு ஒன்று.