டிசைன் படிப்புக்கான போர்ட்ஃபோலியோவை நாங்களே செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

நேற்று முன்தினம் இரவுதான் ஒரு ஜெர்மன் கல்லூரியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல் "போனது போகட்டும், விடு" என்று நானும் விட்டுவிடுவேன். விடக்கூடாது. போனது 1,40,000 ரூபாய். அம்மாவின் ஆரத்தை அடகு வைத்த பணம்.

எங்கள் ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம். அப்பா 25 வருடமாகப் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுக் கல், செய்யும் பட்டறையில் வேலை செய்கிறார். நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்தேன். மேலே டிசைனில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்பது மூன்றாம் வருடத்திலிருந்தே இருந்த ஆசை. ஜெர்மனியில் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்று தெரிந்ததும் ஆசை நம்பிக்கையாக மாறியது. அந்த நம்பிக்கையோடுதான் காரைக்குடியில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. மாடியில் இரண்டு அறை, சுவர் முழுக்க விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் பிள்ளைகளின் போட்டோ. இப்படி ஊருக்கு ஊர் இருக்கின்றன.

என்னுடைய வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பூக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையை ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கியதும் இரண்டு வண்ணமும் தொடும் கோடு லேசாக நெளியும். அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல், அப்புறம் ஈரக் கலவை. கல் காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போது அந்தப் பளபளப்பு தானாக வந்திருக்கும். சூளையில் சுடுவதே கிடையாது. அந்த நெளிகிற கோடு ஆளுக்கு ஆள் மாறும். யார் ஊற்றிய கல் என்று அப்பா பார்த்தவுடன் சொல்லிவிடுவார், நாலு பட்டறை தள்ளியிருக்கிற கல்லாக இருந்தாலும் சரி.

இதைத்தான் நான் இரண்டு வருடமாக வரைந்தேன். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி தன் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நாள் முழுக்க உட்கார விட்டார், மத்தியானம் சாப்பாடும் போட்டார். பள்ளத்தூரில் இடிக்கப் போகிற ஒரு வீட்டின் தரையை, ஆட்கள் கடப்பாரையோடு நிற்கும்போதே நகல் எடுத்தேன். அதுதான் என் போர்ட்ஃபோலியோ, என் படைப்புகளின் தொகுப்பு, 32 பக்கம். அதில் 14 பக்கம் கையால் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள்.

அந்த அலுவலகத்தில் இருந்தவர் முப்பத்தைந்து வயது இருப்பார். என் கோப்பை அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "தங்கச்சி, இது எங்க அப்பத்தா வீட்டு வளவு மாதிரியே இருக்கே" என்றார். என்னோடு வந்த அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் எழுந்து நின்று, "ஐயா, நீங்க ஊத்துன கல்லு மேலதான் நாங்க தவழ்ந்து வளர்ந்தோம்" என்றார்.

அப்பாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல் வாங்க வருகிறவர்கள் சதுர அடி என்ன விலை என்று கேட்பார்கள், முதலாளியிடம் பேசுவார்கள், போவார்கள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என்னிடம், "நல்ல பையன், நம்ம பிள்ளையை ஏமாத்த மாட்டான்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். அந்த ஆலோசகர் அப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்கள் 1,40,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். இப்போது எண்ணிப் பார்த்தால், அவர் என் வேலையைப் பற்றி அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதலில் 60,000, பதிவுக் கட்டணம் என்று. இரண்டு வாரம் கழித்து 80,000. இந்த 80,000 எதற்கு என்றால், ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம், ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது), அப்புறம் போர்ட்ஃபோலியோ. நான் "போர்ட்ஃபோலியோ என்கிட்டயே இருக்கே அண்ணே" என்றேன். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா அவங்க டேஸ்ட் வேற. நம்ம டீம் அதைச் சரி பண்ணிடும். நீங்க டென்ஷன் ஆகாம ஐ.இ.எல்.டி.எஸ்.க்கு மட்டும் படிங்க" என்றார். ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஒரிஜினல் ஓவியங்கள் 14-ஐயும் வாங்கிக்கொண்டார்கள். 11 தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சில ஜெர்மன் மொழியில் இருந்தன. "எல்லாம் ஃபார்மாலிட்டி" என்றார்கள். போட்டேன்.

அக்டோபரில் டிசைன் படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வுக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தது. ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிற தேர்வு, வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியில்தான் வரும், அந்த மதிப்பெண்ணை வைத்து ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் எம்.டெஸ்., அதாவது டிசைன் மாஸ்டர்ஸ், சேரலாம். தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.க்குத் (NID) தனித் தேர்வு. இரண்டும் எழுதுகிறேன் என்று சொன்னேன். "ஜெர்மனி கன்ஃபர்ம், இதுல எதுக்கு நேரத்தை வீணாக்கறீங்க?" என்றார். எழுதவில்லை. கும்பகோணத்தில் என்னோடு படித்த தோழி எழுதினாள். அவள் இப்போது சேர்க்கைக்குக் காத்திருக்கிறாள். எனக்கு அடுத்த ஜனவரி வரை ஒன்றும் கிடையாது. பணத்தைவிட இதுதான் உறுத்துகிறது.

டிசம்பரில் விண்ணப்ப எண் கேட்டேன். "கிறிஸ்துமஸ் லீவு, அங்க ஆபீஸே கிடையாது." ஜனவரியில் கேட்டேன். "போர்ட்டல் டவுன்." பொங்கலுக்குப் பிறகு நேரில் போனேன். "மேடம் சென்னை போயிருக்காங்க, அவங்ககிட்டதான் பாஸ்வேர்ட் இருக்கு." பிப்ரவரி முழுக்க என் வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. அப்பா போன் செய்தால் மட்டும் உடனே எடுப்பார்கள். "ஐயா, பாப்பா கொஞ்சம் அவசரப்படுது, நீங்க சொல்லுங்க, எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு." அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் "பொறுமையா இரும்மா" என்பார். எங்கள் வீட்டுக்குள்ளேயே என்னை அவசரக்காரி ஆக்கிவிட்டார்கள்.

மார்ச்சும் போனது, ஏப்ரலும் போனது. கடைசியில் போன வாரம் நானே ஐந்து கல்லூரிக்கும், ஏ.பி.எஸ். அலுவலகத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன். இதை டிசம்பரிலேயே செய்திருக்கலாம். முன்பின் தெரியாத எனக்கு எல்லாரும் பதில் எழுதினார்கள். நான்கு கல்லூரிகளில் என் பெயரில் விண்ணப்பமே இல்லை. ஏ.பி.எஸ். இடம் என் கோப்பு எதுவும் போகவில்லை. 2022 நவம்பரிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலான இந்திய மாணவர்கள் ஜெர்மனிக்குப் படிப்பு விசா கேட்கவே முடியாது. அக்டோபரிலேயே அனுப்பியாச்சு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஐந்தாவது கல்லூரியின் பதில்தான் நேற்று முன்தினம் வந்தது. விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆனால் அதில் உள்ள படைப்புகள் வேறு இரண்டு பேரின் விண்ணப்பத்திலும் அப்படியே இருப்பதால் நிராகரித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அனுப்பிய கோப்பைக் கேட்டேன். திறந்து பார்த்தால் என் பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு பக்கம்கூட என்னுடையது இல்லை. கம்ப்யூட்டரில் செய்த ஏதோ லோகோ, நாற்காலி, செல்போன் உறை. பூக்கல் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு உறுதிமொழி, இவையனைத்தும் நானே என் கையால் செய்தவை என்று ஜெர்மனில். கீழே என் கையெழுத்து. அந்த 11 தாளில் இது ஒன்று.

அப்பாவுக்கு அந்தக் கோப்பைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மெதுவாக எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். "இதுல உன் கையே இல்லையேம்மா" என்றார்.

நேற்று காலையில் இரண்டு பேரும் போனோம். தவழ்ந்து வளர்ந்தேன் என்று சொன்னவர் எழுந்து நிற்கவில்லை. "டீம் மிஸ்டேக் ஆயிடுச்சு, அடுத்த இன்டேக்ல பாத்துக்கலாம்" என்றார். பணத்தைக் கேட்டதும் உள்ளே இருந்து மேடம் வந்தார். ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதாம். ஜி.எஸ்.டி. எண் இல்லாத ரசீது. அதுவும் 60,000-க்கு மட்டும்தான். 80,000 ஜிபேயில் அந்த ஆளின் சொந்த நம்பருக்குப் போனது, அதற்கு ரசீதே கிடையாது. உறுதிமொழியைப் பற்றிக் கேட்டதற்கு, "சைன் பண்ணது நீங்கதானே?" என்றார். ஓவியங்களைக் கேட்டேன். ஸ்கேனிங் சென்டரில் இருக்கும், தேடிப் பார்க்கிறோம் என்றார். எட்டு மாதமாக.

உண்மையில் என்ன செலவாகும் என்று நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏ.பி.எஸ். கட்டணம் 18,000 ரூபாய். ஜெர்மன் கல்லூரிகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் மூலம் விண்ணப்பித்தால் முதல் கல்லூரிக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ, ஆக ஐந்துக்கு 195 யூரோ. யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் 20,000 வாக்கில்தான் வரும். பல கலைக் கல்லூரிகளுக்கு அதுகூட வேண்டாம், நேரடியாகவே அனுப்பலாம். எல்லாம் சேர்த்து 40,000 தாண்டாது. நாங்கள் கட்டியது 1,40,000. கிடைத்தது என் பெயரில் ஒரு பொய்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அந்தத் தெம்பு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கலை, டிசைன் படிப்புக்கு உங்கள் போர்ட்ஃபோலியோதான் விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல் அதற்கு அப்புறம்தான். அதை வேறொருவர் செய்து தருகிறேன் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் ஓவியத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள், கூகுளில் மொழிபெயர்க்க இரண்டு நிமிடம் ஆகும். தனி ஆளின் நம்பருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம். சீட், என்.ஐ.டி. தேர்வுகளை யார் சொன்னாலும் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் திங்கட்கிழமை சிவகங்கைக்குப் போகிறேன். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கல்லூரிகளின் பதில் எல்லாம் பிரின்ட் எடுத்தாகிவிட்டது. அந்தக் கல்லூரிக்கும் நடந்ததை எழுதி, என் உண்மையான பக்கங்களில் போனில் இருந்தவற்றை இணைத்து அனுப்பியிருக்கிறேன். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தக் கோப்பு என்னுடையது இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதே கோப்போடு விண்ணப்பித்த இன்னும் இரண்டு பேர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இது தெரியாமல்கூட இருக்கலாம். லோகோ, நாற்காலி, செல்போன் உறை. உங்கள் பெயரில் போனதும் அதுதானா என்று இன்றைக்கே கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். ஆமாம் என்றால் எனக்குச் சொல்லுங்கள், திங்கட்கிழமை சேர்ந்தே போகலாம்.