பாக்ஸ்வுட் வேலியைப் பிடுங்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

வேலிக்கு வைக்கிற பாக்ஸ்வுட் புதர்ச்செடி வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஒரு தோட்டப் பராமரிப்பு ஆளை நம்பி, உயிரோடு இருந்த மூன்று செடிகளை வேரோடு பிடுங்க விட்டுவிட்டேன். பதினான்கு வருடம் வளர்ந்த செடிகள். அவர் பெயர் இங்கே வேண்டாம், செய்ததை மட்டும் சொல்கிறேன்.

நடைபாதை ஓரமாக வேலி மாதிரி பதினொரு செடிகள் இருந்தன. வசந்தம் முடிகிற நேரத்தில் இரண்டு செடிகளில் அங்கங்கே வைக்கோல் நிறத்தில் திட்டுகள் தெரிந்தன. அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார், ஒரு கிளையைக்கூட விலக்கவில்லை. "கருகல் நோய் சார், பூஞ்சை. ரெண்டு தடவை மருந்து அடிச்சா சரியாயிடும்" என்றார். பூஞ்சைக்கொல்லி அடித்தார். இரண்டு வாரம் கழித்து வந்து மறுபடியும் அடித்தார். இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். அதற்குள் பாதி வேலி மொட்டையாகிவிட்டது.

மூன்றாவது முறை வந்தபோது, "இனிமே தேறாது சார், எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசு வெச்சிடலாம், நானே கொண்டுவர்றேன்" என்றார். முன்பணமும் கொடுத்தேன். அன்றைக்கே மூன்று செடிகளைப் பிடுங்கினார். வேர் ஈர மண்ணோடு கெட்டியாக வந்தது. கிளை முறிந்த இடத்தில் பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலை நான்காவது செடிக்குள் கையை விட்டபோது விரலில் நூலாம்படை மாதிரி ஏதோ ஒட்டியது. கிளையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு மூன்று இலைகளை மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டி, அதற்குள் ஒரு புழு. மஞ்சள் கலந்த பச்சை உடம்பு, நீளவாக்கில் கறுப்புக் கோடுகள், பளபளக்கும் கறுப்புத் தலை. கீழ்க்கிளைகளில் பொடிப்பொடியாகப் பச்சை எச்சம் கொட்டிக் கிடந்தது. அந்த ஒரு செடியில் மட்டும் பத்தொன்பது புழுக்களை எடுத்தேன்.

இது பாக்ஸ்வுட் அந்துப்பூச்சியின் புழு. 4 செ.மீ. வரை வளரும். செடியின் உள்பக்கத்தில்தான் தின்னத் தொடங்கும். அதனால் மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பாலும் காலியாகியிருக்கும். கருகல் நோய் வேறு மாதிரி இருக்கும். இலையில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் வரும், பச்சைக் குச்சிகளில் கறுப்புக் கீற்றுகள் ஓடும், இலை முழுதாக உதிரும். கடித்த அடையாளமோ நூலோ எச்சமோ இருக்காது. கிளையை விலக்கி அரை நிமிடம் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பூஞ்சைக்கொல்லியால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நான் பணம் கொடுத்துப் புழுக்களுக்கு இரண்டு வாரம் அவகாசம் வாங்கித் தந்ததுதான் மிச்சம்.

அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்துப் புதுச் செடிகளோடு வந்தார். இந்த முறை நானே ஒவ்வொரு இலையாகத் திருப்பினேன். ஒரு செடியில் இலையின் அடிப்பக்கத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தில், மீன் செதில் அடுக்கினது மாதிரி முட்டைகள் ஒட்டியிருந்தன. காட்டினேன். "நர்சரிச் செடின்னா இதெல்லாம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2007-ல் ஐரோப்பாவில் தென்பட்டது. 2021-ல் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன நாற்றுப்பண்ணைச் செடிகளோடும் சேர்ந்து போனது. செடி வியாபாரம் செய்கிற ஒருவர் இதைச் சாதாரணமாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. செடிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முன்பணம் இன்றுவரை வரவில்லை. போகும்போது ஆண் பூச்சிகளைக் கவர்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை "இதை மாட்டினா போதும்" என்று விற்கப் பார்த்தார். அந்தப் பொறி, பூச்சி பறக்கத் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். அதை மாட்டினால் மட்டும் செடி பிழைக்காது.

சரி, மிச்சம் இருந்த எட்டுச் செடிகளுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். கீழே பச்சையாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது, இலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் துளிர்க்க வாய்ப்பு உண்டு. இலை தீர்ந்த பிறகு புழு பட்டையையும் கடித்திருந்தால்தான் ஆபத்து. கைக்கு அகப்பட்ட புழுக்களை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். அப்புறம் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி என்ற பாக்டீரியா மருந்து. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், ஆகவே உள்கிளைகள் நனையும்படி அடிக்க வேண்டும். வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும், மாலையில் அடிப்பது நல்லது. சின்னப் புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை அடித்தேன்.

ஆனால் இலையில் கொப்புளம் மாதிரி இருந்தால் இந்த மருந்தை வாங்காதீர்கள். அது இலைத்துளைப்பான். இலையைப் பிரித்தால் உள்ளே குட்டி மஞ்சள் புழுக்கள் இருக்கும். இலைக்கு உள்ளேயே தின்பதால், மேலே அடிக்கிற இந்த மருந்து அவற்றைத் தொடாது.

உரம் உடனே போடவில்லை. வேருக்குத் தண்ணீர், அடியில் இலைச்சருகு மூடாக்கு, காய்ந்த குச்சிகளை மட்டும் வெட்டினேன். துளிர் வந்த பிறகுதான் கொஞ்சமாக உரம். ஆறு வாரத்தில் மொட்டைக் கிளைகளில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. எட்டில் ஆறு நன்றாகத் துளிர்த்துவிட்டன, ஒன்று பாதிதான் தேறியிருக்கிறது. பட்டை கடிபட்ட ஒன்று போய்விட்டது.

வாரம் ஒருமுறை கிளைகளை விலக்கிப் பார்க்கிறேன். குளிர்காலத்தில் குட்டிப் புழு இரண்டு இலைகளை ஒட்டி நடுவில் பதுங்கிக்கொள்ளும், அதைத் தேட வேண்டும். பிடுங்கிய மூன்று இடமும் இன்னும் காலிதான். பிழைத்த செடிகளிலிருந்து வெட்டிய குச்சிகளைத் தொட்டியில் ஊன்றியிருக்கிறேன், வேர் பிடிக்கச் சில மாதம் ஆகும். உங்கள் வீட்டுக்கு யாராவது மருந்து அடிக்க வந்தால், பம்பை எடுக்கும் முன்னால் கிளையை விலக்கி, எந்தப் பூச்சி, எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.