ஆங்கிலத்தின் வழியே கொரிய மொழி: ஒரு பல்கலைக்கழகத் தொடக்கநிலை வகுப்பின் மதிப்பீடு

பல்கலைக்கழகம் ஒன்று விருப்பப் பாடமாக நடத்தும் தொடக்கநிலைக் கொரிய மொழி வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயின்ற பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அதில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, சேரலாம் என்பதே. ஆனால் அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முன்பே தெரிந்துகொண்டு சேருவது நல்லது. காதுக்கும் வாய்க்கும் அந்த வகுப்பு தரும் பயிற்சியைக் கைப்பேசிச் செயலிகளும் காணொளிகளும் தருவதில்லை. இலக்கணம் கற்பிக்கும் முறையோ ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால் தமிழ் அறிந்த மாணவர், தமக்கு ஏற்கெனவே பழக்கமான பலவற்றைச் சுற்றுவழியில் சென்று மீண்டும் கற்க நேர்கிறது.

வகுப்பு எழுத்திலிருந்து தொடங்குகிறது. ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்துமுறை, மன்னர் சேஜோங் காலத்தில் 1443இல் உருவாக்கப்பட்டு 1446இல் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று வழக்கில் உள்ள அடிப்படை எழுத்துகள் 14 மெய்களும் 10 உயிர்களுமாக 24. இரட்டை மெய்களையும் கூட்டுயிர்களையும் சேர்த்தால் 40. அடிப்படை மெய்களின் வடிவம் நாக்கு, உதடு, பல், தொண்டை ஆகியவற்றின் நிலையைப் பார்த்து வரையப்பட்டது என்பதை ஆசிரியை வாயின் குறுக்குவெட்டுப் படத்தோடு விளக்கிய பாடம், பருவத்தின் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி எழுதாமல் அசை அசையாகக் கட்டங்களில் அடுக்கும் முறை, உயிர்மெய் எழுத்தோடு வளர்ந்த நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்த சக மாணவர்கள் அதற்குப் பழகச் சிறிது காலம் எடுத்துக்கொண்டனர்.

இவ்வளவு நன்றாக எழுத்தைக் கற்பித்துவிட்டு, அதற்குப் பின்னும் நெடுநாள், கொரியச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதிக் காட்டும் உரோம எழுத்துப்பெயர்ப்பைப் பக்கத்திலேயே வைத்திருந்ததுதான் எனக்குப் புரியாத செயல். சொற்பட்டியல்களில் ஹங்குலுக்கு அருகே உரோம வடிவம் இருக்கும்வரை கண் அங்கேதான் போகும், நாக்கும் ஆங்கில வழக்கப்படியே புரளும். தென்கொரிய அரசு 2000இல் எழுத்துப்பெயர்ப்பு முறையை மாற்றியபோது, புசான் நகரப் பெயரின் முதலெழுத்தே உரோம வடிவில் வேறாகிப்போனது. கொரியர் அப்பெயரை ஒலிக்கும் விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. இந்தச் சிக்கலுக்குக் காரணம், கொரியத்தின் சாதாரண வல்லினம் சொல்லின் தொடக்கத்தில் ஒரு விதமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வேறு விதமாகவும் ஒலிப்பதே. கடல், தங்கம் ஆகிய சொற்களில் ஒரே ககரத்தை இருவிதமாக ஒலித்து, அந்த வேறுபாட்டை உணராமலே பேசிவரும் தமிழருக்கு இது விதியாகக்கூடத் தோன்றாது. எங்கள் பாடநூலோ இதை அட்டவணை போட்டு இரண்டு பக்கங்களுக்கு விளக்குகிறது.

தமிழ் துணைக்கு வராத இடமும் இதே பகுதியில்தான் இருக்கிறது. கொரிய வல்லினங்களுக்குச் சாதாரணம், இறுக்கம் (தொண்டையை இறுக்கி ஒலிப்பது), மூச்சொலி (காற்றை வெளித்தள்ளி ஒலிப்பது) என மூன்று நிலைகள் உண்டு. தீ, கொம்பு, புல் ஆகிய மூன்றையும் குறிக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘புல்’ என்றுதான் அமையும். கொரியருக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்கள். அக்கா என்னும் சொல்லின் நடுவில் வரும் ககர இரட்டிப்பு அவர்களுடைய இறுக்க ஒலிக்கு நெருக்கமானது என்றாலும், அதையே சொல்லின் முதலில் கொண்டுவருவதற்கு நம் நாக்குப் பழகியதில்லை. மூச்சொலியோ தமிழ் எழுத்திலேயே இல்லை.

வகுப்பின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு மாணவரையும் வாய்க்கு முன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பேசச் சொல்லி, மூச்சொலிக்குத் தாள் அசைகிறதா, இறுக்க ஒலிக்கு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, தவறினால் உடனே நிறுத்தித் திருத்தும் ஓர் ஆசிரியைக்கு ஈடாக எந்தச் செயலியையும் நான் பயன்படுத்தியதில்லை. செயலி ‘சரி’ என்று பச்சை விளக்குக் காட்டிய பல ஒலிப்புகளை அவர் ஏற்கவில்லை. கொரியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், பல மொழிப் பின்னணி கொண்ட மாணவர்களைப் பார்த்தவர் என்பதால் யார் எங்கே இடறுவார் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தார்.

உயிரொலிகளில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். உதட்டைக் குவிக்காமல் ஒலிக்கும் ஓர் உகரம் கொரியத்தில் உண்டு. அதை வரவழைப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதுபோல் உதட்டை விரிக்கச் சொல்லும் பயிற்சி வகுப்பில் நீண்ட நேரம் நடந்தது. காசு, பாட்டு என்னும் சொற்களை இயல்பாகச் சொல்லி முடிக்கும்போது வாயில் வரும் குற்றியலுகரம் ஏறக்குறைய அதே ஒலிதான். இதைக் கண்டுகொண்ட தமிழ் மாணவர் அந்தப் பயிற்சியின்போது ஓய்வெடுக்கலாம்.

புணர்ச்சியும் அப்படியே. முன் அசை மெய்யில் முடிந்து அடுத்த அசை உயிரில் தொடங்கினால், அந்த மெய்யின்மேல் உயிர் ஏறிக்கொள்கிறது. ஈற்றில் நிற்கும் வல்லினம் மெல்லினத்தைச் சந்தித்தால் தானும் மெல்லினமாகிவிடுகிறது. நன்றி கூறும் சொற்றொடரின் முடிவில் ‘ஹப்னிதா’ என்று எழுதியிருப்பதை ‘ஹம்னிதா’ என்று படிப்பது இதனால்தான். பல் என்பதும் நாள் என்பதும் சேர்ந்து பன்னாள் ஆவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட திரிபு புதிதன்று. வேறுபாடு ஒன்றே: நாம் திரிந்த வடிவத்தையே எழுதுகிறோம், கொரியர் பிரித்த வடிவத்தை எழுதிவிட்டுத் திரித்துப் படிக்கிறார்கள். எனவே கேட்டு எழுதும் பயிற்சியில் மதிப்பெண் இழக்காதவர் எங்கள் வகுப்பில் யாருமில்லை.

இனி இலக்கணம். கொரியம் உலகின் மிகக் கடினமான மொழிகளுள் ஒன்று என்ற எச்சரிக்கை பாடத்திட்டக் குறிப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் கொரியத்துக்கு 88 வாரங்கள், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று வகைப்படுத்தியிருப்பதே இத்தகைய எச்சரிக்கைகளுக்கு அடிப்படையாகக் காட்டப்படுகிறது. அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு உரியது என்பதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வினை இறுதியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அடைமொழி பெயருக்கு முன்னால் நிற்கும், எழுவாய் தெரிந்ததென்றால் சொல்லாமல் விடலாம் என்பனவற்றையெல்லாம் வாரக்கணக்கில், பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்து, கற்பித்தார்கள். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்துக் கொரியத்தில் மாற்றச் சொல்லும்போது, தமிழ் மாணவரும் ஆங்கில வரிசையிலேயே சிந்தித்துத் தடுமாறுகிறார். அதே கருத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால், சொற்கள் பெரும்பாலும் அதே வரிசையில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

துணைவினைகள் வந்தபோது இந்த முரண் உச்சத்தை அடைந்தது. ஒரு செயலை முயன்று பார்ப்பதைச் சொல்ல, கொரியர் முதன்மை வினையின் எச்ச வடிவத்தோடு ‘பார்’ என்னும் பொருளுள்ள வினையைச் சேர்க்கிறார்கள். ஒருவருக்காகச் செய்வதைச் சொல்ல ‘கொடு’ என்னும் பொருளுள்ள வினை சேர்கிறது. சாப்பிட்டுப் பாருங்கள், எழுதிக் கொடுங்கள் என்று நாளும் பேசுகிற நமக்கு இதில் கற்க வேண்டியது எச்ச வடிவம் எப்படி அமையும் என்பது மட்டுமே. வினைப்பகுதியின் கடைசி உயிர் எது என்பதைப் பொறுத்து அந்த வடிவம் ஆகாரமாகவோ ஒகரமாகவோ மாறுவது, சில வினைகள் விதிக்கு அடங்காமல் திரிவது ஆகியவற்றுக்குத்தான் பயிற்சி தேவை. அதற்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை.

தமிழை நம்பி இருந்தால் சறுக்கும் இடங்களும் உண்டு. அங்கேதான் வகுப்பு நிதானமாக நடந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கிறேன், வீட்டில் படிக்கிறேன் என்று இரண்டுக்கும் நாம் ஒரே உருபைப் பயன்படுத்துகிறோம். கொரியத்தில் இருப்பதற்கு ஓர் உருபு, செயல் நடக்கும் இடத்துக்கு வேறோர் உருபு. எழுவாய்க்கு உருபே இல்லாத மொழியிலிருந்து வரும் நாம், எழுவாயைக் காட்டும் ஒன்று, பேசுபொருளைக் காட்டும் ஒன்று என இரண்டு ஒட்டுகளில் எதை எங்கே இடுவது என்று பருவம் முடியும்வரை தயங்குகிறோம். எங்கள் ஆசிரியை இதற்கு ஒரே ஒரு பாடம் ஒதுக்கிவிட்டு, ‘கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்’ என்று கடந்து சென்றார். மறுபக்கம், வந்தான், வந்தாள், வந்தது என்ற திணை, பால், எண் வேறுபாடு எதுவும் கொரிய வினைமுற்றில் இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதல்.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்த பின் இரண்டும் ஒரே குடும்பமோ என்ற கேள்வி எழுவது இயல்பு. கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலையே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக அந்த உறவை ஏற்பதில்லை. அமைப்பு ஒத்திருப்பது பிறப்புறவுக்குச் சான்றாகாது. அம்மா, அப்பா, புல் போன்ற சொற்களை அடுக்கிக் காட்டும் சமூக ஊடகப் பட்டியல்களை நம்பி வகுப்புக்கு வருபவர்கள் இதை மட்டுமாவது நினைவில் கொள்ளலாம். கற்பதற்கு அமைப்பொற்றுமையே போதும், உறவு தேவையில்லை.

மரியாதை வடிவங்களை வகுப்பு கையாண்ட விதம் பாராட்டுக்குரியது. தொடக்கத்திலிருந்தே ‘யோ’ என்று முடியும் பணிவு வடிவத்தையும் ‘னிதா’ என்று முடியும் முறைசார் வடிவத்தையும் மட்டுமே பேசவிட்டு, நண்பர்களுக்குள் பேசும் வடிவத்தைத் தள்ளி வைத்தார்கள். கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் பார்த்து அந்த வடிவத்தைப் பழகிவந்த மாணவர்கள், ஆசிரியையிடமே அதைப் பேசி வகுப்பைச் சிரிக்க வைத்ததும் உண்டு. இதற்கும் பாடநூலின் ஆங்கில விளக்கம் நீளமானது. பேச்சுத் தமிழில் ‘ஆமாங்க’, ‘வந்துட்டாருங்க’, ‘நானுங்களா’ என்று கேட்பவருக்காகக் கடைசியில் ஒட்டும் ‘ங்க’ செய்யும் வேலையைத்தான் ‘யோ’வும் செய்கிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்குரிய மரியாதையை வினையின் நடுவில் இன்னோர் ஒட்டு காட்டுகிறது. ‘வந்துட்டாருங்க’ என்பதில் ‘ஆர்’ ஒருவருக்கும் ‘ங்க’ வேறொருவருக்கும் உரியதாக இருப்பதுபோலவே அது.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கொரியத்துக்குச் சொந்தமான எண்வரிசை ஒன்று, சீனத்திலிருந்து வந்த வரிசை ஒன்று என இரண்டு உண்டு. கடிகாரத்தில் மணிக்கு முதலாவதும் நிமிடத்துக்கு இரண்டாவதும் வரும். ஆள், விலங்கு, புத்தகம் என்று எண்ணும் பொருளுக்கேற்ப அளவுச்சொல்லும் மாறும். இதில் தமிழோ ஆங்கிலமோ உதவாது, மனப்பாடமே வழி. வகுப்பில் விளையாட்டாக நடத்திய விரைவுப் பயிற்சிகள் இதற்கு மிகவும் பயன்பட்டன.

மதிப்பிடும் முறையில் எனக்கு மனக்குறை உண்டு. இறுதி மதிப்பெண்ணில் பெரும்பங்கு எழுத்துத் தேர்வுக்கே செல்கிறது. பேச்சுத் தேர்வு என்பது முன்பே எழுதிக் கொடுத்த உரையாடலை இருவர் ஒப்பிப்பதாகச் சுருங்கிவிட்டது. ஒலிப்புக்கு அவ்வளவு உழைத்த ஒரு வகுப்பு, அதை அளக்கும் இடத்தில் கைவிட்டது பொருத்தமாக இல்லை. டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வை நோக்கமாகக் கொண்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் தொடக்கப் பிரிவில் கேட்டல் 30 வினாக்கள், படித்தல் 40 வினாக்கள், மொத்தம் 200 மதிப்பெண். 80 பெற்றால் முதல் நிலை, 140 பெற்றால் இரண்டாம் நிலை. எழுதும் பகுதி அந்தப் பிரிவில் கிடையாது. முதல் நிலைக்கு ஏறத்தாழ 800 சொற்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒரு பருவத்தில் எங்கள் பாடநூல் கடந்த தூரம் அதற்குப் போதாது; சொற்களைத் தனியே சேர்த்துக்கொள்ளாமல் தேர்வெழுதுவது வீண்.

எழுத்தை ஏற்கெனவே கற்றவர்கள், சேரும்போதே நிலையறியும் தேர்வு உண்டா என்று துறையில் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் அப்படிக் கேட்டவர்கள் இரண்டாம் பருவ வகுப்புக்கு நேரே அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஒலிப்பைச் செயலியிலிருந்து மட்டும் கற்றவர்கள் அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல், முதல் பருவத்திலேயே அமர்ந்து, தாளைப் பிடித்துப் பேசும் பயிற்சியைப் பெறுவதே நல்லது என்று நினைக்கிறேன். இரண்டாம் பருவத்தில் யாரும் ஒலிப்புக்காக நிறுத்தித் திருத்துவதில்லை.