பாசஞ்சர் ரயிலில் பழைய கேம்: ஒரு மதிப்பெண் நோட்டு

பழைய கேம்களை விளையாடும் கைக்கருவி ஒன்றை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாங்கின வாரத்திலேயே "செம, வாங்கலாம்" என்று சொல்லும் விமர்சனங்கள் ஏராளம். குமரி மாவட்டத்து இரணியலில் ஏறி திருவனந்தபுரத்தில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்புகிற ஒருவனிடம் அது எப்படி உழைத்தது, எந்த கேம் கடைசிவரை நின்றது, எது பாதியில் கழன்றது என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் கணக்கை எழுதுகிறேன்.

பிராண்டைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னாலும் பெரிய பயன் இல்லை. ஏழாயிரம் ரூபாயை ஒட்டி வருகிற பல கருவிகளுக்குள்ளே இருப்பது ஒன்றேதான்: ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி ராம், 640க்கு 480 புள்ளிகள் கொண்ட 3.5 அங்குல ஐபிஎஸ் திரை. என்னுடையதில் 3300 எம்ஏஎச் பேட்டரி, மெமரி கார்டு போட இரண்டு துளை. லினக்ஸில் ஓடுகிறது. கேம் பாய், என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன், கடையில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடும். பெட்டியில் பிஎஸ்பி, நின்டெண்டோ 64 என்றும் அச்சடித்திருக்கும். சிலது ஓடும், சிலது மூச்சு வாங்கும். அதை நம்பி வாங்காதீர்கள்.

திரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். பழைய கேமில் பாதி சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது, பாதி எரிச்சலும் அங்கேதான். 1989ல் வந்த முதல் கேம் பாயின் திரை 160க்கு 144 புள்ளி. அதை மூன்றால் பெருக்கினால் 480க்கு 432. நம் திரையில் நாலு பக்கமும் கறுப்பு ஓரம் விட்டு அது நடுவில் அழகாக உட்காரும். "இவ்வளவு இடம் வீணாகிறதே" என்று திரை முழுக்க இழுத்துவிட்டால் ஒரு புள்ளி மூன்றாகவும் பக்கத்துப் புள்ளி நாலாகவும் விரியும். நிற்கும்போது தெரியாது, மேரியோ ஓடத் தொடங்கியதும் தரை முழுக்க நெளியும். பிளேஸ்டேஷன் கேம்களில் பெரும்பாலானவை 320க்கு 240, அதாவது சரியாக இரண்டு மடங்கு, அதனால் அவை இந்தத் திரைக்கே செய்தது போல இருக்கும். ஆர்கேட் கேம்கள் பலவும் 384க்கு 224. அது எந்தக் கணக்குக்கும் அடங்காது. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதே மேல்.

கேம் பாய் அட்வான்ஸின் கதை வேறு. 2001ல் வந்த அந்தக் கருவியில் திரைக்கு விளக்கே கிடையாது. காசில்வேனியா என்கிற கோட்டை கேம் வரிசையில் அதற்கு முதலில் வந்த சர்க்கிள் ஆஃப் தி மூன், இருட்டுக்குள் இருட்டாக இருந்து திட்டு வாங்கியது. அந்தத் திட்டுக்குப் பதிலாக அடுத்த வருடம் வந்த ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸில் கண் கூசுகிற அளவுக்கு நிறத்தைக் கூட்டிவிட்டார்கள். இன்றைய ஐபிஎஸ் திரையில் நிலைமை தலைகீழ். திட்டு வாங்கினது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. சரிசெய்யப்பட்டது சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. செட்டிங்கில் 'கலர் கரெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும், இந்தக் கேம்களுக்கு அதைக் கட்டாயம் போடுங்கள். சர்க்கிளுக்கு என் நோட்டில் எட்டு. ஹார்மனிக்கு ஆறு, அதுவும் கலர் கரெக்‌ஷன் போட்ட பிறகு.

நோட்டு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கேமுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுவேன். முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அப்புறம் அதைத் தொடாமல் கொஞ்ச காலம் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது ஒன்று. முதல் நாள் மதிப்பெண் பெரும்பாலும் பழைய ஞாபகத்துக்குப் போடுவதுதான், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவதுதான் அசல். அதில் நான் பார்ப்பது கேமின் பேரையோ புகழையோ அல்ல. வண்டி நிற்கப்போகிறது என்றால் அரை நிமிடத்தில் மூடிப் பையில் போட முடிகிறதா, நாலைந்து நாள் விட்டுத் திறந்தால் எங்கே நின்றோம் என்பது புரிகிறதா, போனில் பார்க்க ஆயிரம் இருக்கும்போதும் கை இதைத் தேடுகிறதா, அவ்வளவுதான்.

இப்படிப் போட்டதில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று. கையில் வைத்து விளையாடவென்றே அன்றைக்குச் செய்யப்பட்ட கேம்களின் மதிப்பெண் மாதாமாதம் ஏறுகிறது. டிவி முன்னால் உட்கார்ந்து ஆடச் செய்த பெரிய கேம்களின் மதிப்பெண் இறங்குகிறது.

1994ல் கேம் பாய்க்கு வந்த டாங்கி காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு கட்டமும் 1981 ஆர்கேட் கேமின் அதே நாலு கட்டம். இவ்வளவுதானா என்று நினைக்கும்போதுதான் உண்மையான ஆட்டமே தொடங்கும். அதற்கப்புறம் தொண்ணூற்றுக்கும் மேல் சின்னச் சின்ன அறைகள். சாவியைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போக வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் மேரியோ இதில் தலைகீழாக நிற்பான், கம்பியைப் பிடித்துச் சுற்றுவான், விழுவான். ஒரு அறை ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பள்ளியாடிக்கும் குழித்துறைக்கும் நடுவில் இரண்டு அறை முடிக்கலாம். முதல் நாள் ஏழு போட்டேன், இன்று பத்து. மூன்றாவது மதிப்பெண்ணில் நான் போட்ட ஒரே பத்து இதுதான்.

டெட்ரிஸுக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், 1989 கேம் பாய் டெட்ரிஸில் கட்டையை ஒதுக்கி வைக்கும் வசதி இல்லை, எங்கே விழும் என்று காட்டும் நிழல் இல்லை, ஒரே தட்டில் கீழே இறக்கவும் முடியாது. போனில் புது டெட்ரிஸ் ஆடிப் பழகிய விரலுக்கு முதலில் கடுப்பாக இருக்கும். அப்படியும் விளக்கம் சொல்லாமல் யார் கையிலும் கொடுக்க முடிகிற ஒரே கேம் அதுதான். எதிர் சீட்டில் தினமும் சீட்டுக்கட்டோடு உட்காரும் ஒரு பெரியவர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அது என்ன மக்கா, டிரான்சிஸ்டரா?" என்றார். கையில் கொடுத்தேன். பாறசாலை வரை திருப்பித் தரவில்லை. அவருக்கு இறங்கும் இடம் குழித்துறை.

அட்வான்ஸ் வார்ஸுக்கு ஒன்பது. 2001ல் வந்தது. நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று படையை நகர்த்துகிற ஆட்டம். கிராசிங்குக்காக வண்டியை எங்காவது போட்டுவிட்டால் எரிச்சல் வருவதற்குப் பதிலாக, இன்னும் இரண்டு டாங்கியை நகர்த்தலாமே என்று இருக்கும். இடையில் யாராவது பேசினாலும் ஒன்றும் குடி முழுகாது. நாம் பட்டனை அமுக்குகிற வரை எதிரி காத்திருப்பான்.

லிங்க்ஸ் அவேக்கனிங் (1993) எட்டில் நிற்கிறது. தீவும் மனிதர்களும் அற்புதம். ஆனால் கேம் பாயில் இருப்பது ஏ, பி என்று இரண்டே பட்டன். வாளை ஒன்றில், கேடயத்தை ஒன்றில் மாட்டிவிட்டால் குதிப்பதற்கு மெனுவைத் திறந்து மாற்ற வேண்டும், கல்லைத் தூக்க மறுபடியும் மாற்ற வேண்டும். ஒரு வாரம் லீவில் இருந்துவிட்டு வந்தால் எந்தக் குகைக்குப் போய்க்கொண்டிருந்தோம் என்பதும் மறந்திருக்கும்.

இனி திட்டு வாங்கப்போகிற இடம். க்ரோனோ ட்ரிகருக்கு ரயிலில் ஆறு. 1995ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த அந்த கேமை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவது நியாயம்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் படுத்துக்கொண்டு ஆடும்போது நானும் கொண்டாடுகிறேன். ஆனால் கதாபாத்திரங்கள் மனம் விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறி, ஒருவர் பையை நம் மடியில் வைத்தால் என்ன கதை மிஞ்சும்? சிம்ஃபனி ஆஃப் தி நைட் (1997) தப்பித்தது, எட்டு. அதில் கதை குறைவு, திரிவது அதிகம். கோட்டைக்குள் வழி தவறினாலும் சுகமாகவே இருக்கிறது.

ஆர்கேட் கேம்களின் மதிப்பெண்தான் எல்லாவற்றிலும் மோசமாக விழுந்தது. எங்கள் வயதுக்காரர்கள் முஸ்தபா என்றாலே புரிந்துகொள்வார்கள். காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம் 1993ல் வெளியிட்டது. மார்த்தாண்டத்தில் டியூஷன் முடிந்து வீடியோ கேம் கடைக்குள் நுழைந்தால் மஞ்சள் தொப்பி முஸ்தபாவை எடுக்கத்தான் அடிதடி. கைக்கருவியில் அதைப் போட்ட முதல் நாள் யோசிக்காமல் பத்து போட்டேன். ஒரு மாதத்தில் ஐந்து. காரணம் செலக்ட் பட்டன். அதை அமுக்கினால் காசு விழும், அமுக்கிக்கொண்டே இருந்தால் விழுந்துகொண்டே இருக்கும். அந்த கேமின் ஒவ்வொரு அடியும் நம் பையிலிருந்து அடுத்த நாணயத்தைப் பிடுங்குவதற்காகவே அமைக்கப்பட்டது. நாணயத்துக்கு மதிப்பில்லை என்றானதும் அடி வாங்குவதற்கும் அர்த்தம் இல்லாமல் போனது. இப்போது மூன்று காசுக்கு மேல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மூன்று காசில் பாதிகூட தாண்ட முடியவில்லை. ஆனால் மதிப்பெண் ஏழுக்கு ஏறியிருக்கிறது.

சேவ் ஸ்டேட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே உறைய வைத்துவிட்டு, செத்தால் அந்த நொடிக்கே திரும்பலாம். தக்கலையில் இருக்கும் தங்கச்சி மகன் லீவுக்கு வந்தபோது கான்ட்ராவைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு குண்டு பட்டாலே சாவு என்பது அவனுக்கு நம்பவே முடியவில்லை.

"மாமா, செத்தா மொதல்ல இருந்தா வரணும்? சேவ் இல்லியா?"

முப்பது உயிர் தரும் அந்தப் பழைய மேல் மேல் கீழ் கீழ் இடது வலது வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். முப்பதும் தீர்ந்தது. அப்புறம் சேவ் ஸ்டேட்டைக் கண்டுபிடித்துவிட்டான். பத்தடிக்கு ஒருமுறை உறைய வைத்து ஒரே சாயங்காலத்தில் முடித்தான், அதற்குப் பிறகு கான்ட்ரா பக்கமே போகவில்லை. என் நோட்டை வாங்கி அதற்கு இரண்டு மார்க் போட்டான். டெக்கன் 3 என்கிற சண்டை கேமுக்குப் பத்து, ஏனென்றால் அதில் என்னை அடிக்க முடிகிறது.

நான் சேவ் ஸ்டேட்டை அடியோடு விடவில்லை. கருவியை அணைக்கும்போது தானாகச் சேமித்து, திறக்கும்போது அதே இடத்தில் தொடங்குகிற மாதிரி வைத்திருக்கிறேன், ரயில் பயணிக்கு அது இல்லாமல் முடியாது. நடுவில் பின்னோக்கிப் போவதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு, பழைய கேம்களில் செய்த சாதனைகளைக் கணக்கு வைக்கும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் என்கிற இணையதளம் இருக்கிறது. அதன் ஹார்ட்கோர் முறையில் சேவ் ஸ்டேட்டை ஏற்றுவதையே தடுத்துவிடும். வைஃபை வேண்டும் என்பதால் வீட்டோடு சரி.

கருவி எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் வியர்வை. பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் முதல் மழையிலேயே மந்தமானது. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் சரியாகிவிட்டது. மெக்கானிக் எல்லாம் வேண்டாம். முட்டத்தில் இருக்கும் நண்பனின் கருவியில் ஸ்க்ரூ துருப்பிடித்து, சார்ஜ் துளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடற்கரை வீடு என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வையுங்கள். இன்னொன்று, ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டே விளையாடாதீர்கள். திசைப் பட்டனுக்குள் எண்ணெய் இறங்கினால் டெட்ரிஸில் கட்டை நம் பேச்சைக் கேட்காது.

பேட்டரி கேம் பாய் கேம்களுக்கு ஆறு, ஏழு மணி நேரம் வருகிறது. பிளேஸ்டேஷன் என்றால் ஒரு மணி நேரம் குறையும். போனுக்குக் கொடுத்த வேகச் சார்ஜரில், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது. பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிள்தான் வேண்டும். இந்த ரகக் கருவிகள் பலவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. ஜன்னல் சீட்டில் காலை வெயில் விழுந்தால் திரையில் நம் முகம்தான் தெரியும். அதற்கு மருந்து ஜன்னல் பலகையை இறக்குவதுதான், அதற்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

கருவியோடு வந்த மெமரி கார்டு பெயரில்லாத சரக்கு. முதல் வாரமே அதைக் கழற்றி நல்ல கார்டு போட்டேன், முஓஎஸ் என்கிற இலவச மென்பொருளை ஏற்றினேன். அந்தக் கார்டில் ஆயிரக்கணக்கில் கேம்களை அடைத்து விற்கிறார்களே, அதில் ஒன்றுக்காவது உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். முப்பது வருடம் ஆகிவிட்டதால் பதிப்புரிமை போய்விடாது. சட்டச் சிக்கல் துளியும் வேண்டாம் என்பவர்கள், இன்றும் கேம் பாய்க்காக ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தருகிற கேம்களிலிருந்து தொடங்கலாம். 2017ல் வந்த டோபு டோபு கேர்ள் அப்படி ஒன்று. வானத்தில் மிதந்துபோகிற பூனையைப் பிடிக்க ஒரு பெண் எதிரிகளின் தலைமேல் துள்ளித் துள்ளி மேலே ஏறுவாள். முதல் நாள் ஆறு, இப்போது எட்டு.

வாங்குவதாக இருந்தால் நல்ல கார்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். சட்டைப் பையில் போக வேண்டும் என்றால் நெட்டுக்குத்தாக இருக்கும் மாடல், டெக்கனும் மெட்ராய்டும் ஆட வேண்டும் என்றால் படுக்கைவாட்டில் அகலமாக இருக்கும் மாடல். நெட்டுக்குத்து மாடலில் தோள் பட்டன்கள் முதுகில் இருக்கும், ரயில் ஆட்டத்தில் அதைத் தேடுவது பாடு. பெரிய கை உள்ளவர்கள் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த திரை பக்கமே போக வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.