கிளையண்டுக்கு இணைய அனிமேஷன்: லாட்டியா, ரைவா, ஜீசாப்பா?

இணையதளங்களுக்கு அனிமேஷன் செய்து கொடுத்துக் காசு வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்து லாட்டி என்ற வகை ஃபைலாக எடுக்கலாம், ரைவ் என்ற அனிமேஷன் எடிட்டரில் செய்யலாம், இல்லையென்றால் எஸ்விஜி (டெக்ஸ்டாகச் சேமிக்கப்படும் வெக்டர்) படம் வரைந்து அதை ஜீசாப் என்ற லைப்ரரி (ஆயத்த கோட் தொகுப்பு) வைத்து, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அசைக்கலாம். மூன்றிலும் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவற்றை ஜீசாப்பில்தான் செய்கிறேன், அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். மூன்றுமே வெக்டர், அதாவது புள்ளிகளாக அல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாகச் சேமிக்கப்படுபவை, எந்த அளவுத் திரையிலும் பிசிறடிக்காது. கீஃப்ரேம் (எந்த நொடியில் படம் எப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பது) பழகிய கைக்கு லாட்டியும் ரைவும் சீக்கிரம் வரும், ஜீசாப்புக்குக் கொஞ்சமாவது கோட் எழுதத் தெரிய வேண்டும். விளம்பர பேனர் மட்டும்தான் வேலை என்றால் மூன்றையும் விட்டுவிட்டு கூகுள் வெப் டிசைனரைப் பாருங்கள், இலவசம், அந்த வேலைக்கென்றே செய்தது.

உண்மையான வித்தியாசம் டெலிவரிக்கு அப்புறம்தான் தெரியும். அனிமேஷனை ஒப்படைத்து, பணமும் வந்து, எல்லோரும் மறந்துபோன பிறகு ஒரு நாள் கிளையண்டிடமிருந்து செய்தி வரும்: "பிராண்ட் நிறம் மாறிடுச்சு, அந்த நீலத்தைப் பச்சையாக்கணும், 'புதியது'ன்னு வர்ற இடத்தை எடுத்துடுங்க, இன்னைக்கே வேணும்." அதை யார், எந்த ஃபைலைத் திறந்து மாற்றுவது? டெமோவில் எது பளபளக்கிறது என்பதைவிட இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

லாட்டியை எடுத்துக்கொள்வோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்ததை ஜேசனாக (தரவை டெக்ஸ்டாக வைக்கும் ஒரு ஃபைல் வகை) மாற்றித் தருவது பாடிமூவின் என்ற பிளகின், அதாவது இணைப்பு மென்பொருள். அந்த ஜேசனை ஆப்களிலும் ஓட்டும் பிளேயர்களை ஏர்பிஎன்பி 2017இல் லாட்டி என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. ஜேசன் என்றால் டெக்ஸ்ட்தானே, திறந்து மாற்றிக்கொள்ளலாமே என்று டெவலப்பர்கள் நினைப்பார்கள். திறந்தால் ஒற்றை எழுத்துப் பெயர்களும் எண் வரிசைகளுமாக நீண்டுகொண்டே போகும், நிறம்கூட 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசமங்களாக இருக்கும். நிறத்தை மட்டும் மாற்ற ஆன்லைன் எடிட்டர்கள் இருக்கின்றன, சரி. ஆனால் எழுத்துகளை ஷேப்பாக மாற்றி எடுத்திருந்தால் ஒரு சொல்லைத் திருத்தக்கூட மூல ப்ராஜெக்ட், அதே ஃபான்ட், அதே பிளகின் எல்லாம் வேண்டும், அவை இருப்பது என் கம்ப்யூட்டரில். வேலை நம்மிடமே திரும்பி வருவது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். பத்து நிமிட அவசர வேலைக்கு பில்லும் போட முடியாது, மறுக்கவும் முடியாது.

இன்னொன்று, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அழகாகத் தெரிகிற பல எஃபெக்டுகள் லாட்டிக்குள் வராது. எக்ஸ்பிரஷன்கள் (அசைவைக் கணக்கிடும் சிறு கோட்கள்) வெப் பிளேயரில் ஓரளவு ஓடும், ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு பிளேயர்களில் ஓடாது. கிளையண்டுக்கு வீடியோவாக ரெண்டர் செய்து காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட் செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள், முதல் ட்ராஃப்டையே லாட்டி பிளேயரில் காட்டிவிடுங்கள்.

ஜீசாப் பழைய ஆள். கிரீன்சாக் என்ற பெயரில் இணைய அனிமேஷனுக்கு ஃப்ளாஷ் இருந்த காலத்தில் அதன் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்காகத் தொடங்கியது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது, இந்த லைப்ரரி அதற்குப் பல வருடங்கள் முன்பே ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாவிவிட்டது. 2024இல் இணையதளம் உருவாக்கும் கருவியைத் தரும் வெப்ஃப்ளோ நிறுவனம் அதை வாங்கியது, 2025 ஏப்ரலில் எழுத்துகளைப் பிரித்து அசைக்கும் ஸ்பிளிட்டெக்ஸ்ட், ஒரு வடிவத்தை இன்னொன்றாக்கும் மார்ஃப்எஸ்விஜி உட்பட எல்லா பிளகின்களும் வணிக வேலைக்கும் சேர்த்து இலவசமாகின. முன்பு சில பிளகின்களுக்குக் கட்டண உறுப்பினர் ஆக வேண்டியிருந்தது, அதைக் கிளையண்டிடம் விளக்குவதே தனி வேலை. உரிமத்தில் ஒரு விஷயம் உண்டு: வெப்ஃப்ளோவுக்குப் போட்டியாகக் கோட் இல்லாமல் அனிமேஷன் செய்யும் கருவியை இதை வைத்து உருவாக்கக் கூடாது. சாதாரண இணையதள வேலைக்கு அது குறுக்கே வராது.

நிறத்தை மாற்றச் சொல்லி வந்த அந்தக் கிளையண்ட் செய்திக்கு இதில் பதில் சுலபம். எஸ்விஜியில் எழுத்தை ஷேப்பாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கலாம், நிறத்தை சிஎஸ்எஸ் வேரியபிளாக (தளத்தின் தோற்றக் கோடில் பெயர் வைத்த மதிப்பு) வைத்திருந்தால் கிளையண்டின் டெவலப்பரே ஒரு வரியில் மாற்றிவிடுவார், என்னைக் கூப்பிடவே மாட்டார். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, வரையும்போதே லேயருக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் வைக்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்போர்ட்டில் அந்தப் பெயர்தான் கோடில் அந்தப் பாகத்தின் அடையாளமாக (ஐடி) போகும், "பாத் 47" என்று விட்டால் அடுத்து வருபவர் உங்களைத் திட்டுவார். "கொஞ்சம் வேகமா இருக்கலாமே" என்று கிளையண்ட் சொன்னால் டைம்லைனின் வேக அளவை (டைம்ஸ்கேல்) 1.2 ஆக்கினால் போதும், ஒவ்வொரு கீஃப்ரேமையும் நகர்த்தத் தேவையில்லை. மொபைலுக்கு வேறு அசைவு, சாதன அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு வேறு என்று பிரிப்பதற்கு ஜீசாப்பின் மேட்ச்மீடியா வசதி இருக்கிறது. தானாகத் தொடங்கி மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 விநாடிக்கு மேல் ஓடுவதை நிறுத்த வழி வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. ஒரு பாஸ் பட்டனோடு டைம்லைனை இணைத்துவிட்டால் அதுவும் முடிந்தது.

கோட் என்பதால் இன்னொரு நிம்மதி. அடோபி எட்ஜ் அனிமேட் என்று ஒரு இணைய அனிமேஷன் எடிட்டர் இருந்தது, அதன் வளர்ச்சியை 2015இல் நிறுத்திவிட்டார்கள். எடிட்டரை நம்பி இருக்கும் ப்ராஜெக்டுகளுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். எஸ்விஜியும் ஜாவாஸ்கிரிப்டும் எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும்.

இதில் கஷ்டமும் இருக்கிறது. கேரக்டர் அனிமேஷனைக் கோடில் செய்வது சித்திரவதை. ஒரு கை அசைவுக்கு எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும், டைம்லைனில் இழுத்துப் பார்ப்பதற்கு ஈடே கிடையாது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்த தளமாக இருந்தால், பக்கத்தின் ஒரு பகுதி (கம்போனென்ட்) நீங்கும்போது அனிமேஷனையும் அழிக்க வேண்டும், அதற்கு யூஸ்ஜீசாப் என்ற ஆயத்த ஃபங்ஷன் (ஹூக்) இருக்கிறது, அதைப் பயன்படுத்தாத இடங்களில் ஒரே அசைவு இரண்டு முறை ஓடுவதைப் பார்க்கலாம். அப்புறம், ஒரே ஃபைல் வெப்பிலும் இரண்டு வகை போன் ஆப்களிலும் ஓட வேண்டும் என்று கிளையண்ட் கேட்டால் நான் பேசாமல் லாட்டிக்குப் போய்விடுவேன்.

ரைவை வைத்துச் சிறிய பட்டன்களும் ஐகான்களும்தான் செய்திருக்கிறேன், ஆகவே என் தீர்ப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்டேட் மெஷின் அருமை: மவுஸ் மேலே வந்தால் ஒன்று, அழுத்தினால் ஒன்று, தப்பாகப் பதில் சொன்னால் ஒன்று என்று டிசைனரே டெவலப்பரைக் கேட்காமல் அமைத்துவிடலாம். டுவோலிங்கோவின் கதாபாத்திரங்கள் பேசும்போது வாயசைப்பது இதில்தான். ஆனால் வெளியே போகும் ஃபைல் பைனரி, டெக்ஸ்டாகப் படிக்க முடியாதது, அதைத் திறந்து எதையும் மாற்ற முடியாது, எடிட்டரில் இருக்கும் மூலம்தான் வேண்டும். அதனால் ரைவில் செய்து கொடுப்பவர்கள் பேக்கப் ஃபைலையும் சேர்த்து ஒப்படைப்பதா, எந்தக் கணக்கில் மூலம் இருக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய மாஸ்காட் (பிராண்டின் அடையாளக் கதாபாத்திரம்) வேலையை ரைவில் செய்து, ஒரு வருடம் கழித்து அதே ஃபைலைத் திருத்தியவர்கள் இருந்தால் அது எப்படிப் போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.